கத்தியைக் கீழே வைத்த பிறகு

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லித் தெருவில் விசாரித்தால், அப்படி யாரும் இங்கே இல்லையே என்று கையை விரித்துவிடுவார்கள். ரேடியோ என்று கேளுங்கள், பால் வாங்க வந்த குழந்தைகூட உங்களைச் சலூன் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும். பொருத்தமான பெயர்தான். ஆனாலும் முழுப் பொருத்தம் என்று சொல்ல முடியாது. ரேடியோவில் நடுநடுவே பாட்டுப் போடுவார்கள், இவரிடம் அந்தச் சலுகை கிடையாது.

சலூன் சின்னது. சுழல் நாற்காலி இரண்டு. ஒன்றில் வேலை நடக்கும். இன்னொன்றில் அடுத்த ஆள் உட்கார்ந்து, படித்து முடித்த பத்திரிகையையே திரும்பப் புரட்டிக்கொண்டிருப்பார். எதிர்ச் சுவர் முழுக்க ஒரே கண்ணாடி. ரேடியோ வாடிக்கையாளரின் பின்னால் நின்றுகொண்டு, கண்ணாடியில் தெரியும் முகத்தோடு பேசுவார். மழை வருமா வராதா, எந்தக் கடையில் எடை குறைவு, யார் வீட்டு மாப்பிள்ளை யாரிடம் கோபித்துக்கொண்டு போனார் என்று பேச்சு தன்பாட்டில் போய்க்கொண்டே இருக்கும். அதே மனிதரைத் தெருவில் நேருக்கு நேராகப் பார்த்து நலம் விசாரித்தால், "ம், இருக்கேன்" என்று தரையைப் பார்த்தபடி நழுவிவிடுவார். முகத்தைப் பார்த்துப் பேச அவருக்குக் கண்ணாடி வேண்டும். முப்பது வருடத் தொழில் அப்படிப் பழக்கிவிட்டது.

மாடியில் வீடு. கீழே பேச்சு எல்லை மீறினால், அவர் மனைவி துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் ஒரு தட்டுத் தட்டுவாள். சத்தத்தைக் குறை என்று பொருள். இரண்டு தட்டுத் தட்டினால் சாப்பாடு தயார். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் ரேடியோதான். "நீ கத்தாதே, தட்டு, போதும்" என்று சொல்லிவைத்திருந்தார். அவளுக்கு மூச்சுத் தொல்லை. கொஞ்சம் குரலை உயர்த்தினாலே இருமல் பிடித்துக்கொள்ளும், பிடித்தால் லேசில் விடாது.

அவர்கள் இந்தத் தெருவுக்கு வந்ததே அதனால்தான். முன்பு நகரத்தின் நடுவில், பேருந்து நிலையத்துக்கு எதிரில் கடை. நிற்க நேரம் இருக்காது, அவ்வளவு கூட்டம். ஆனால் பேருந்துகள் விடும் புகையெல்லாம் நேராக வீட்டு ஜன்னலுக்குள்தான் வரும். ஒரு முறை அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து, உதடு நீலம் பாரித்துப் படுத்திருந்தவளைப் பார்த்துக்கொண்டு வராந்தாவில் நின்றபோது, ரேடியோ முடிவெடுத்துவிட்டார். ஓடிக்கொண்டிருந்த கடையை யாருக்கோ கொடுத்துவிட்டு, ஊர் முடிந்து வெட்டவெளி தொடங்கும் இந்தத் தெருவில் வந்து உட்கார்ந்தார். பைத்தியமா உனக்கு என்று தொழில் தோழர்கள் சிரித்தார்கள். தெருக்கோடியில் ஒரு மேடு, அதற்கப்பால் புதர்க்காடு. சாயங்காலமானால் அங்கிருந்து சில்லென்று காற்று வரும். அந்தக் காற்றுக்காக அவர் இன்னொரு கடையைக்கூட விட்டுக்கொடுத்திருப்பார்.

அந்த மேட்டில்தான் ஒருநாள் கம்பி வேலி முளைத்தது. வேலியில் ஒரு பலகை. சரளைக் கல் வெட்டியெடுக்க ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருக்கிறது, ஊர்ப் பொதுக்கூடத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும், ஆட்சேபணை உள்ளவர்கள் வந்து சொல்லலாம் என்று எழுதியிருந்தது. லாரிகள் எந்த வழியாகப் போகும் என்று பலகையில் இல்லை. அதைச் சொல்ல ஜோசியம் வேண்டியதில்லை, மேட்டுக்கு இருப்பது ஒரே வழி. சலூன் வாசல் வழி.

பலகையை முதலில் பார்த்தது சலூனுக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கும் தையல்காரம்மா. எதையும் முழுசாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாத ஆள். தெருவை நேராகக் கடந்து வந்து சலூன் வாசலில் நின்றாள்.

"குவாரி வரப்போவுதாம். பேசிக்கிட்டே இருந்தா ஆகாது, ஆளைத் திரட்டணும்" என்றாள்.

"அந்தக் கவலையை என்கிட்ட விடுங்க" என்றார் ரேடியோ. "தெருவில இருக்கற தலை எல்லாம் என் கைக்கு வந்துதானே ஆகணும்?"

அன்றிலிருந்து ஆரம்பித்தது பிரசாரம். மழை, மாப்பிள்ளை எல்லாம் மூட்டை கட்டிவைக்கப்பட்டன. நாற்காலியில் உட்கார்ந்தவர் கழுத்தில் துணியைக் கட்டி, தாடையில் நுரையைப் பூசி, கத்தியை வைத்ததும் ரேடியோ தொடங்குவார். தூசி எப்படிப் பறக்கும், வெடி வைத்தால் சுவர் எப்படி விரியும், லாரி எப்படித் திரும்பும். கடைசியில் கண்ணாடியைப் பார்த்துக் கேட்பார்: "இதை விடலாமா? கூட்டத்துக்கு வர்றீங்கதானே?"

"ம்" என்பார் பால்கடைக்காரர்.

"ம்ம்" என்பான் எலக்ட்ரீசியன்.

ஸ்கூல் வேன் ஓட்டுநரும் "ம்". ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. ரேடியோவுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை ஒற்றுமையான தெருவை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"கூடத்தில இருக்கற நாற்காலி பத்தாதுங்க, வாடகைக்குச் சொல்லிடுங்க" என்றார் தையல்காரம்மாவிடம். அவள் சந்தேகமாகப் பார்த்தாள். அவர் பேச்சைக் கேட்டவர்களில் சலூன் நாற்காலியில் உட்காராதவள் அவள் ஒருத்திதான். ஆனாலும் அவர் சொன்ன சொல்லை நம்பி, ஒரு வண்டி நாற்காலி வரவழைத்தாள்.

கூட்டத்தன்று அந்த நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்ததை நினைத்தால் இன்றும் ரேடியோவுக்குக் காது சிவந்துவிடும். முன்வரிசையில் தையல்காரம்மா, அவள் கணவர், வேறு போக்கிடம் இல்லாமல் வந்த ஓர் ஓய்வுபெற்ற தபால்காரர். அந்தப் பக்கம் கம்பெனி மேனேஜர், அவருடைய ஆட்கள், பெரிய பெரிய வண்ணப் படங்கள். குவாரியைச் சுற்றி மரம் நடுவோம், தூசி பறக்காமல் தண்ணீர் தெளிப்போம், லாரிகளுக்குத் தார்ப்பாய் போடுவோம் என்று அவர் அழகாகப் பேசினார். கேட்டால் நமக்கே ஒரு குவாரி வேண்டும்போல இருக்கும்.

கருத்துக் கேட்க வந்த அதிகாரி, அதிகம் பேசாத மனிதர். காலி நாற்காலிகளை ஒரு முறை பார்த்தார். "எதிர்ப்பு அவ்வளவா இல்ல போலிருக்கே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, கண்ணில் பட்டதைச் சொன்னார்.

தையல்காரம்மா ரேடியோவின் விலாவில் இடித்தாள். ரேடியோ எழுந்தார். எதிரே அதிகாரி, மேனேஜர், அவர் ஆட்கள் என்று முகங்கள். எல்லாம் நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. நடுவில் கண்ணாடி இல்லை.

"அது வந்துங்க..." என்றார். பிறகு, "அது வந்து..." என்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

நிலைமையைக் காப்பாற்றியது தையல்காரம்மாதான். பலகையைப் புதர்க்காட்டைப் பார்க்க வைத்திருக்கிறார்கள், தெருப்பக்கம் ஒன்றுகூட வைக்கவில்லை, இது முறையா என்று கேட்டாள். அதிகாரி கம்பெனிக்காரர்களைப் பார்த்தார், அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தெருப்பக்கமும் பலகை வைக்க வேண்டும், அடுத்த மாதம் இன்னொரு கூட்டம் நடக்கும், அதோடு முடிந்தது என்று சொல்லிவிட்டு அதிகாரி எழுந்தார். ஒரு மாதம் கிடைத்தது. அதுவே பெரிய விஷயம்.

வீட்டுக்கு வந்த ரேடியோ சாப்பிடவில்லை. "துரோகிங்க" என்றார். "ஒருத்தன் பாக்கி இல்லாம அத்தனை பேரும் சரின்னான். என் கடையில உக்காந்து சரின்னுட்டு, இப்பக் கம்பி நீட்டிட்டானுங்க."

அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எப்பக் கேட்டீங்க?"

"எப்பன்னா? ஷேவ் பண்ணும்போதுதான்."

அவள் மடித்த துணியை மடியிலேயே போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். இருமல் வந்துவிடுமோ என்று அவர் பதறினார். வரவில்லை, அவள்பாட்டுக்குச் சிரித்தாள்.

"கழுத்தில கத்தியை வச்சுக்கிட்டுக் கேட்டா எவன்ங்க மாட்டேன்னு சொல்வான்? வாயைத் திறந்தா உதடு போயிடும். 'ம்'முன்னாங்களாம், இவரும் நாற்காலி வரவழைச்சாராம்!"

ரேடியோவோ முப்பது வருடமாக இந்த உலகமே தன்னோடு ஒத்துப்போகிறது என்று நம்பியிருந்த மனிதர். உலகம் ஒத்துப்போகவில்லை, உதட்டைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அவமானமாக இருந்தது. அதைவிட, ஒரு மாதத்தில் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

மறுநாள் எலக்ட்ரீசியன் வந்தான். ரேடியோ ஒன்றும் பேசாமல் சவரம் செய்தார். முகத்தைத் துடைத்தார், துணியை உதறினார், கத்தியைக் கொண்டுபோய்த் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டார். பிறகு நாற்காலியைச் சுற்றி நடந்து அவனுக்கு எதிரே வந்து நின்றார். இப்படி அவர் நின்று யாரும் பார்த்ததில்லை.

"என்னண்ணே? காதை வெட்டிட்டீங்களா?" என்று அவன் கையைக் காதுக்குக் கொண்டுபோனான்.

"காது இருக்கு. ஒண்ணு கேக்கறேன், நிஜத்தைச் சொல்லு. அடுத்த கூட்டத்துக்கு வருவியா?"

எலக்ட்ரீசியன் காலைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். "உங்க பக்கம் உக்கார மாட்டேண்ணே. குவாரியில மோட்டார் வேலை எல்லாம் எனக்கே தர்றதாச் சொல்லியிருக்காங்க. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடா?"

"அன்னிக்குக் கத்தி இங்கதானே இருந்துச்சு" என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினான்.

ரேடியோவுக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபம் வரவில்லை. நிஜமான ஒரு பதில் கிடைத்ததில் ஒரு நிம்மதிகூட இருந்தது. அதன்பிறகு அதுவே கடையின் வழக்கமாயிற்று. வேலை நடக்கும்போது குவாரிப் பேச்சே கிடையாது. முடிந்ததும் கத்தி கிண்ணத்துக்குப் போகும், ரேடியோ எதிரே வருவார். முதலில் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, முகத்தைப் பார்த்தாலே வியர்த்தது. போகப்போகப் பழகிவிட்டது.

மாட்டேன் என்றவர்கள் நிறையப் பேர். லாரிக்காரர்கள் வந்தால் டீ விற்கலாம் என்றார் பால்கடைக்காரர். எனக்கென்ன, வாடகை வீடு, காலி பண்ணிட்டுப் போவேன் என்றார் இன்னொருவர். ஸ்கூல் வேன் ஓட்டுநர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த முனையில வேனை நிறுத்தித்தான் பிள்ளைங்களை இறக்கறேன். மேட்டிலேர்ந்து லாரி இறங்கினா எங்க போய் நிப்பேன்? வர்றேன்."

"தலையை ஆட்டாதீங்க, வாயால சொல்லுங்க."

"வாயாலதான்யா சொல்றேன், வர்றேன்!"

மாதத்தின் கடைசி வாரத்தில் கம்பெனி, சோதனைக்காக என்று மேட்டில் இரண்டு குழி தோண்டியது. ஒரே ஓர் இயந்திரம்தான், அதுவும் மூன்றே நாள். ஆனால் சலூன் கண்ணாடி மங்கியது. பால்கடையில் மூடிவைத்த பாத்திரத்தின் மூடியில் விரலால் கோடு போடலாம்போல மண் படிந்தது. மாடியில் ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு ரேடியோவின் மனைவி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பழைய இருமல் திரும்பி வந்திருந்தது. கீழே வேலை செய்யும்போது ஒவ்வொரு இருமலும் ரேடியோவின் உச்சந்தலையில் வந்து விழுந்தது. ஒரு கிழவருக்கு ஒரு பக்கக் கிருதாவை உயர்த்தி, ஒரு பக்கம் தாழ்த்திவிட்டார். வாழ்நாளில் செய்யாத தப்பு.

அந்த மூன்றாம் நாள் கம்பெனி மேனேஜர் சவரத்துக்கு வந்தார். கெட்டிக்காரர், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார். நுரை பூசுவதற்கு முன்பே கண்ணாடியில் ரேடியோவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"வீட்டம்மாவுக்கு முடியலன்னு கேள்விப்பட்டேன். மனசுக்குக் கஷ்டமா இருக்கு. இந்தக் கட்டடத்தை எங்க கம்பெனியே வாங்கிக்கும், நீங்க கேக்கற விலைக்கு. காத்தோட்டமா வேற எங்கயாவது போய் நிம்மதியா இருங்க. என்ன சொல்றீங்க?"

ரேடியோவின் கை நின்றது. "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

யோசிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. மனதுக்குள் முடிவு எடுத்தாகிவிட்டது. போய்விடலாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் இன்னொரு முறை நிற்க அவருக்குத் தெம்பில்லை. தெரு, தையல்காரம்மா, கூட்டம் எல்லாம் எக்கேடோ கெட்டுப்போகட்டும். மேனேஜர் வெளியே போனதும் கடையைப் பாதி சாத்திவிட்டு, பெட்டியை எடுத்துவை என்று சொல்லத்தான் மாடிக்குப் போனார்.

அறைக்குள் கால் வைத்தவர் நின்றார். மாதம் பூராவும் பழகின பழக்கம், காலைப் பிடித்து நிறுத்தியது. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, மனைவிக்கு எதிரே உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மேனேஜர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"நீ சொல்லு. போகலாமா, இருக்கலாமா?"

அவள் போர்வையை ஒதுக்கிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில இப்பத்தான் கேக்கறீங்க."

"என்ன சொல்றே? இங்க வரும்போதுகூடக் கேட்டேனே! சரின்னியே!"

"கேட்டீங்க. கண்ணாடி முன்னால நின்னு தலை சீவிக்கிட்டே, 'போயிடலாம்ல?'ன்னு கேட்டீங்க. கண்ணாடியில தலையாட்டினேன்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "எனக்கு வர விருப்பமே இல்ல. எங்க அக்கா வீடு அடுத்த தெருவில இருந்துச்சு. தினம் சாயங்காலம் அவ வருவா, இல்ல நான் போவேன். இங்க வந்த புதுசில நீங்க கடையைத் திறக்கக் கீழ போனதும் உக்காந்து அழுவேன். உங்களுக்குத் தெரியாது."

ரேடியோவுக்குத் தெரியாதுதான். அவளுக்காகவே உயிரைக் கொடுத்து எல்லாவற்றையும் செய்துவிட்டோம் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவருக்கு, அவளிடம் ஒரு வார்த்தை ஒழுங்காகக் கேட்கவில்லை என்பது அன்றுவரை தெரியாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பப் போயிடலாமா? அக்கா பக்கமே போலாமா?"

"முழுசாக் கேளுங்க. அது அப்ப. இப்ப இந்தக் காத்து எனக்குப் பிடிச்சுப்போச்சு. இந்த ஜன்னல் பிடிச்சுப்போச்சு. மாடிப்படியை நிக்காம ஏறறேன், பாத்திருக்கீங்களா? அக்கா வந்தா மேடு வரைக்கும் நடந்துட்டு வர்றோம். தட்டு, தட்டுன்னு சொல்லிவச்சிருக்கீங்களேன்னுதான் தட்டிக்கிட்டு இருக்கேன். இந்த மூணு நாளா அந்த மெஷின் வந்துதான் என்னைத் திரும்பப் படுக்க வச்சிருக்கு." அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இன்னொரு தடவை நான் மூட்டை கட்ட மாட்டேன். யாராவது போகணும்னா அந்த மேனேஜர் போகட்டும்."

ரேடியோ எழுந்தார். கீழே இறங்கும்போது படியில் அவர் வைத்த காலே வேறு மாதிரி இருந்தது.

இரண்டாவது கூட்டம் நடந்த நாள் காலையில், கடையைத் திறந்த கையோடு முதல் ஆளாக உள்ளே வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அந்த அதிகாரி. விடிவதற்கு முன்பே வண்டி ஏறி வந்திருக்கிறார், சவரம் செய்துகொள்ள நேரமில்லை. மெயின்ரோட்டுக் கடை எதுவும் திறக்கவில்லை. ரேடியோவை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்கதானே அன்னிக்கு 'அது வந்துங்க'ன்னு..."

"நான்தாங்க. உக்காருங்க."

எதிர்க் கடையிலிருந்து தையல்காரம்மா பார்த்துவிட்டாள். ஊசியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்து, கையைக் காலை ஆட்டி ஜாடை காட்டினாள். பேசு, பேசு, இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? பால்கடைக்காரர்கூட எட்டிப்பார்த்தார். அதிகாரி கண்களை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டிக் கிடந்தார். அவருடைய தொண்டை ரேடியோவின் கையில் இருந்தது. உலகத்தில் உள்ள அத்தனை வார்த்தைகளும் ரேடியோவின் வாய்க்குள் வந்து முட்டின.

அவர் வாயைத் திறக்கவில்லை. வலது கன்னம், இடது கன்னம், மோவாய். மழையைப் பற்றிக்கூடச் சொல்லவில்லை. மாடியில் அவர் மனைவிக்குப் பயம் வந்துவிட்டது. கடை திறந்திருக்கிறது, பேச்சுச் சத்தம் இல்லை, மனிதருக்கு என்ன ஆயிற்றோ என்று பாதிப் படி இறங்கி வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள்.

முகத்தைத் துடைத்து, துணியை உதறி, கத்தியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு ரேடியோ எதிரே வந்தார். "முடிஞ்சுதுங்க."

அதிகாரி தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "குவாரியைப் பத்தி ஏதாவது சொல்வீங்கன்னு நினைச்சேன்."

"கூட்டத்திலயே சொல்றேங்க" என்றார் ரேடியோ. அதிகாரி வழக்கமான கூலியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

கூடம் நிறைந்து வழிந்தது என்று சொன்னால் அது பொய். இம்முறை வாடகை நாற்காலி கிடையாது. ஆனால் வாயால் சரி என்று சொன்னவர்கள் ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். ஸ்கூல் வேன் ஓட்டுநர் மனைவி, மாமியார் சகிதம் வந்திருந்தார். வரமாட்டேன் என்ற பால்கடைக்காரர் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்து, "பாத்திர மூடியைப் பாத்ததிலேர்ந்து மனசு சரியில்ல" என்று பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தார். எலக்ட்ரீசியன் கம்பெனிப் பக்கம் உட்கார்ந்திருந்தான். தான் சொன்ன சொல்லை அவனும் காப்பாற்றினான். ரேடியோவின் மனைவி ஜன்னலோரமாக இருந்தாள். இத்தனை பேர் நடுவில் அவளைத் தெரு பார்த்தது அதுவே முதல் தடவை.

ஒருவர் பின் ஒருவராகத் தெருக்காரர்கள் எழுந்து சொன்னார்கள். வேன் நிற்கும் முனை, மங்கிய கண்ணாடி, பால் பாத்திரம். மேனேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"இவங்க எல்லாரும் தானா வந்தவங்க இல்ல சார். இங்க ஒரு சலூன்காரர் இருக்கார். கடைக்கு வர்றவங்களை விடாம நச்சரிச்சு, வற்புறுத்தி அழைச்சிட்டு வந்திருக்கார்."

அதிகாரி தாடையைத் தடவினார். "நான் இன்னிக்குக் காலையில அவர் கடையிலதான் ஷேவ் பண்ணிக்கிட்டேன். குவாரியைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. எதைப் பத்தியுமே பேசல."

"யாரு, ரேடியோவா?" என்று தபால்காரர் கத்தினார். "பேசலையா?" என்றது இன்னொரு குரல். சிரிப்பு கூரையைத் தூக்கியது. எலக்ட்ரீசியன்கூட வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். குவாரி வருவதைக்கூட அந்தத் தெரு நம்பிவிடும், ரேடியோ வாயை மூடிக்கொண்டு சவரம் செய்தார் என்பதை நம்ப அதற்கு நேரம் பிடித்தது.

சிரிப்பு அடங்கியதும் ரேடியோ எழுந்து முன்னால் போனார். மேனேஜருக்கு நேர் எதிரே நின்றார். முகத்தைப் பார்த்தார்.

"தண்ணி தெளிப்பேன்னு சொன்னீங்க, மரம் நடுவேன்னு சொன்னீங்க. நீங்க மூணே நாள் தோண்டினீங்க, என் வீட்டுக்காரி கட்டிலோட கிடந்தா. வருஷக்கணக்காத் தோண்டினா அவ இருக்க மாட்டா. அவ இங்கதான் இருப்பேங்கறா. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்தத் தெருவில வீடு எடுத்து, உங்க பொண்டாட்டி பிள்ளையைக் குடி வைப்பீங்களா?" இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். "பாருங்க, கையில கத்தி இல்ல. பயப்படாமச் சொல்லுங்க."

மேனேஜர் படங்களைப் பார்த்தார். தன் ஆட்களைப் பார்த்தார். "அது... இந்த விசாரணைக்குச் சம்பந்தம் இல்லாத கேள்வி" என்றார்.

"அவர் கேட்டதுக்கு உங்க பதில் அதுதானா?" என்று அதிகாரி கேட்டார். மேனேஜர் உட்கார்ந்துவிட்டார்.

முடிவு வர ஒரு மழைக்காலம் ஆயிற்று. அதுவரை ரேடியோ பழைய ரேடியோவாகவே இருந்தார். மழை, மாப்பிள்ளை, எடை எல்லாம் திரும்பி வந்தன. எலக்ட்ரீசியனும் முடிவெட்டிக்கொள்ள வந்தான். அவனுக்கு வேறு இரண்டு இடத்தில் வேலை விசாரித்துச் சொன்னவர் ரேடியோதான். ஆனால் ஏதாவது நிஜமாகத் தெரிய வேண்டுமென்றால் மட்டும், கத்தி கிண்ணத்துக்குப் போகும்.

ஒருநாள் காலை. பால்கடைக்காரர் முகம் நிறைய நுரையோடு உட்கார்ந்திருந்தார். தெருக்கோடியிலிருந்து தையல்காரம்மா ஓட்டமும் நடையுமாக வந்தாள். அந்த உடம்பு ஓடி யாரும் பார்த்ததில்லை. சலூன் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அனுமதி இல்லன்னுட்டாங்க! குடியிருப்புக்குப் பக்கத்தில கூடாதுன்னு ஆர்டர் போட்டுட்டாங்க! வேலியைப் பிரிக்கறாங்க!" என்றாள்.

ரேடியோ கத்தியைக் கிண்ணத்தில் போட்டார். எதையோ சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தை ஒன்றும் வரவில்லை, கண்தான் நிறைந்தது. தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். தையல்காரம்மாவும் பேசவில்லை. நுரைக்குள்ளிருந்து பால்கடைக்காரர் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

மாடியில் துடைப்பம் தட்டவில்லை. மாடிப்படி உச்சியிலிருந்து குரல்தான் வந்தது.

"ஏங்க! என்ன ஆச்சு கீழ? பேச்சு மூச்சையே காணோம்! நல்ல சேதியா கெட்ட சேதியா, எதுவானாலும் வாயைத் திறந்து சொல்லித் தொலைங்க!"

தெருவின் அந்தக் கோடிக்கே கேட்டிருக்கும். ரேடியோ துண்டை எடுத்துவிட்டு, வழக்கம்போல இருமலுக்காகக் காத்திருந்தார். இருமல் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவேயில்லை. கடையை விட்டு வெளியே வந்து, படிக்கட்டின் அடியில் நின்று, மேலே நின்றவளின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இன்னொரு தடவை கூப்பிடு" என்றார்.

"எதுக்கு?"

"சும்மா கூப்பிடேன்."